பூட்டிய வீட்டு மீட்டர்

மின் மீட்டர் கணக்கெடுக்கும் அவருக்கு ஒரு வீடு மட்டும் பிடிபடவே இல்லை. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. ஃப்யூஸை அவரே பிடுங்கியிருக்கிறார். ஆனாலும் மாதாமாதம் அந்தக் கிறீச்சிடும் கேட்டைத் தள்ளிக்கொண்டு போனால் மீட்டர் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொல்வார். அவளுக்கு எண் என்றால் வெல்லம். தையல் மெஷினை நிறுத்தாமலே வகுத்துப் பார்த்துவிடுவாள்.

"ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூத்தி நாப்பத்தி மூணு."

"பகா எண்ணுங்க. வேற எதாலயும் வகுபடாது. பாவம், இந்த மாசமும் தனியாத்தான் இருக்கு."

ஆறு வருடமும் இதே பதில்தான். பிறகு ஒரு மாதம் 104807 என்று வந்தது. மெஷின் நின்றது.

"முந்நூத்திப் பதினொண்ணையும் முந்நூத்தி முப்பத்தேழையும் பெருக்கினா வருது. ரெண்டும் பகா எண். துணைக்கு ஆள் வந்தாச்சுங்க."

அன்று இருவரும் இன்னொரு காபி குடித்தார்கள். அடுத்த ஒன்பது மாதமும் எண் அப்படி இரண்டாகவே பிரிந்தது. பத்தாம் மாதம் 105033.

"நூத்தி அம்பத்தேழு, இருநூத்தி இருபத்தி மூணு..." அவள் விரல் மடக்கினாள். "அப்புறம் ஒரு மூணு. மூணே மூணு. எவ்வளவு சின்னது பாருங்க."

எழுந்துபோய் மெஷினுக்கு விடும் எண்ணெய்ப் புட்டியை அவர் பையில் வைத்தாள்.

"அடுத்த மாசம் போறப்ப அந்த கேட்டுக் கீல்ல ரெண்டு சொட்டு விடுங்க. தூங்குற நேரமா இருக்கும்."