ஜப்பானுக்கு ஒரு டம்ளர்

கல்கத்தா பவானிபூரில் வாசம் செய்யும் தென்னாட்டு பிராமணோத்தமர்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: கீலக வருஷம் (1908) ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸநாதன தர்மம் காப்பாற்றப்பட்டது.

காப்பாற்றியவர்கள் ஏழு பேர். நானும் அதில் ஒருவன்.

ஏழு பேரும் கூடத்துப் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எதிரே மணையில், மழித்த தலையும் புதுப் பூணூலுமாக ராஜாராமன்.

இருபத்திரண்டு வயது. சுதேசித் தொழில் கற்றுவரச் சொல்லி வங்காளிகள் சங்கம் ஒன்று அவனை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. டோக்கியோ கலாசாலையில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினான்.

படித்தது, சோப்புச் செய்ய.

சமுத்திரம் தாண்டியவனுக்குப் பிராயச்சித்தம் பஞ்சகவ்யம். பால், தயிர், நெய், கோமியம், சாணி. சாதாரணமாக மூன்று உத்தரணிக் கரண்டி போதும் என்றார் சாஸ்திரிகள்.

எங்கள் சபைத் தலைவர் மஹாதேவய்யர் ஒப்பவில்லை. சர்க்கார் ஆபீஸ் சூபரின்டெண்ட் அவர். கொழும்புக்கு மூன்று உத்தரணி, சீமைக்கு அரை டம்ளர் என்று விகிதம் போட்டு, பச்சை மீன் தின்கிற ஜப்பானுக்கு முழு டம்ளர் என்று தீர்த்தார். டம்ளரையும் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜாராமனின் தங்கை காமுவுக்கும் மஹாதேவய்யரின் இரண்டாவது பிள்ளைக்கும் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். அண்ணன் குடித்தால் கல்யாணம். குடிக்காவிட்டால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டோம்.

ஐந்து வஸ்துக்களையும் கொண்டுவந்த வங்காளிப் பால்காரன், வாசலில் நின்று, உள்ளே இருக்கும் பாபுவுக்கு என்ன வியாதி என்று கவலையோடு விசாரித்தான். அவனை விரட்டிவிட்டோம்.

டம்ளர் நிறைந்தது. பச்சையுமில்லாத, பழுப்புமில்லாத ஒரு நிறம். மேலே நெய் மிதந்தது. நெய்யின்மேல் ஒரு வைக்கோல் துணுக்கு. ஆவணிப் புழுக்கத்தில் அந்த நாற்றம் நகராமல் கூடத்திலேயே நின்றது.

எங்கள்மேல் வேறு வாசனை. ராஜாராமன் டோக்கியோவில் தன் கையால் செய்து கொண்டுவந்த சோப்பு, ஆளுக்கு ஒன்று, போன வாரமே எங்கள் வீடுகளுக்கு வந்துவிட்டது. தேங்காயெண்ணெய்தான், கொழுப்பு இல்லை என்று அவன் தாயார் சத்தியம் செய்தாள். சோப்பும் சமுத்திரம் தாண்டித்தான் வந்தது. அதற்கு நாங்கள் பிராயச்சித்தம் கேட்கவில்லை.

"மூக்கைப் பிடிக்கப்படாதுடா, அம்பி. அது பசுவுக்கு அவமரியாதை" என்றார் மஹாதேவய்யர்.

ராஜாராமன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை ஏழு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். கடைசி வாய் உள்ளே போனது.

அடுத்த நிமிஷம் முற்றத்துக்கு ஓடினான்.

மஹாதேவய்யர் பின்னாலேயே போனார். குனிந்து பார்த்தார். கூட்டல் தப்பிய காகிதத்தைத் திருப்பி அனுப்பும் குரலில் சொன்னார்: "பாதிக்கு மேலே வெளியே வந்துடுத்து. செல்லாது. இன்னொரு டம்ளர்."

"அண்ணா, நேத்து ராத்திரிலேர்ந்து குழந்தை பட்டினி..." கதவுக்குப் பின்னாலிருந்து தாயாரின் குரல்.

"பட்டினியா இருக்கறச்சேதானேம்மா சுத்தி?"

இரண்டாவது டம்ளரைக் கலந்தார்கள். சாஸ்திரிகள் எங்கேயோ பார்த்துக்கொண்டு மந்திரம் சொன்னார்.

ராஜாராமன் வந்து மணையில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. கையை நீட்டினான். கை பாதியில் நின்றுவிட்டது. டம்ளரைத் தொட அதற்குத் துணிவு வரவில்லை.

"என்னால முடியாது, மாமா" என்றான்.

கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம். காமுவாக இருக்கும்.

மஹாதேவய்யர் கெட்டவர் இல்லை. அவருக்கே மனம் இளகிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னார். ஊறுகாய் விரதத்தைக் கெடுக்குமா என்று சாஸ்திரிகள் ஒரு கணம் யோசித்தார். சூபரின்டெண்ட் சொன்னால் கெடுக்காது.

"அசடு! வெறும் வாயோட முழுங்கினா குமட்டாம என்ன பண்ணும்? இதைக் கடைவாயிலே அடக்கிக்கோ. நான் மெட்ராஸிலேர்ந்து கப்பல்லே வரச்சே நாலு நாளும் இதுதான். கூட வந்தவாள்ளாம் அலையிலே குடலை வாந்தி எடுத்தா. எனக்கு ஒரு ஏப்பம் உண்டா, கேளு!"

ராஜாராமன் தலையைத் தூக்கினான்.

முதலில் மஹாதேவய்யரைப் பார்த்தான். அவர் முகத்தில் பரிவைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்தபோது நான் என் விரல்களை மோந்துகொண்டிருந்தேன். நல்ல சோப்பு.

அவன் வாயைத் திறந்தான். கேட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். திறந்த வாயில் நாரத்தங்காயைப் போட்டுக்கொண்டு, டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தான். இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

"பார்த்தியா?" என்றார் மஹாதேவய்யர்.

இலை போட்டார்கள். கை நனைத்தோம்.

மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்கு நேர் ரயில் ஓட ஆரம்பித்து எட்டு வருஷம்தான் ஆகிறது. நாங்கள் ஏழு பேரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்.