ஈச்சமரம் வரைந்த சுவர்

ஒன்பதாவது படத்தில் அவன் இருந்தான்.

"மதினி, இது அண்ணன்தான?" என்று கேட்டாள் செண்பகம். கேட்கும்போதே அவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

அவன் மனைவி, நாத்தனார் நீட்டிய போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

அவனேதான்.

தலையில் வலைத்தொப்பி. கையில் கரண்டி. ஒரு பட்டாளத்துக்காரனின் தட்டில் சோறு வைக்கிறான். பட்டாளத்துக்காரன் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. சோற்றுக்கு வரிசையில் நிற்கிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு?

படத்தின் கீழே பட்டாளத்துக்காரனின் பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டிருந்தது. சோறு போடுகிறவனின் பெயர் இல்லை.

யாரோ ஒரு பட்டாளத்துப் போட்டோக்காரர் எடுத்த படங்களாம். போர் நடக்கிற நாட்டில், சண்டைக்குப் போகிறவர்களுக்குச் சோறும் எண்ணெயும் அனுப்புகிற முகாம். அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறாராம். செண்பகத்தின் வீட்டுக்காரருக்கு யாரோ அனுப்பி, அவர் செண்பகத்துக்கு அனுப்பி, அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கிறாள்.

அடுத்த படங்களில் ஒருவன் முடிவெட்டிக்கொள்கிறான். நாலு பேர் பந்து விளையாடுகிறார்கள். ஒருவன் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுகிறான்.

பதிமூன்றாவது படத்தில் அந்தச் சுவர் வந்தது.

ஈச்சமரமும், பின்னால் மஞ்சள் சூரியனும் வரைந்த சுவர். அவன் அனுப்புகிற போட்டோ எல்லாமே அதன் முன்னால் நின்று எடுத்ததுதான். குவைத்தில் பெரிய ஓட்டல், இது ஓட்டல் வாசல் என்று சொல்லியிருந்தான். அதில் ஒன்றை அவள் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வீசிக்கொண்டிருந்த மனுஷன் எங்கே போய் நிற்கிறார் பாருங்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இந்தப் படம் தள்ளி நின்று எடுத்தது.

வாசலும் இல்லை, ஓட்டலும் இல்லை. குண்டு விழுந்தால் தடுப்பதற்காக நட்டுவைத்த கான்கிரீட் பலகைகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையாக நின்றன. கீழே மணல் மூட்டைகள். சும்மா இருந்த நேரத்தில் எவனோ ஒருவன், ஒரே ஒரு பலகையில் மட்டும் மரம் வரைந்திருக்கிறான்.

அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் முன்னால் போய் நின்றிருக்கிறான் இந்தப் புண்ணியவான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே டமார் என்று ஒரு சத்தம். சிலிண்டர் இறக்குகிறார்கள் என்றான். சிலிண்டரை இப்படியா போடுவார்கள், முதலாளியிடம் சொல்லுங்கள் என்று இவள் சண்டை பிடித்தாள். சரி, சொல்கிறேன் என்றான்.

"மதினி, இந்தப் பேரைப் பாருங்க" என்றாள் செண்பகம்.

படங்களுக்கு மேலே முகாமின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. செண்பகம் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

செவ்வாய்க்கிழமை டிவியில் சொன்ன பெயர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டுக் கூடத்தின் மேலேயே ராக்கெட் விழுந்ததாம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். பாவம், எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ என்றுகூடச் சொன்னாள். சொல்லிவிட்டு சீரியலுக்கு மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவன். நேற்று வெள்ளிக்கிழமை. கூப்பிடவில்லை. ஓட்டலில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்து, இவள் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

அவன் நம்பருக்குப் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை.

பத்தாவது தடவையோ என்னவோ, போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான்தான்" என்றான்.

"ஓட்டல்ல ஒரே கூட்டம். அதான் நேத்து கூப்பிட முடியல. என் போன் கீழ விழுந்து ஒடஞ்சிருச்சு. இது கூட இருக்கவன் போன்."

கத்திப் பேசினான். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"ஆமா ஆமா" என்றான். "நீ சொல்றது சரிதான். பாப்பா ஒழுங்கா படிக்காளா?"

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேக்கேன்."

மறுபடியும் அதே அளவு மௌனம்.

"சரி, சரி. மழைக்கு முன்னால ஓடு மாத்திரு."

லைன் சுத்தமாக இருந்தது. அவன் பக்கத்தில் யாரோ இருமுவதுகூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப நான் என்ன கேட்டேன், சொல்லுங்க."

அவள் பேசி முடிக்கட்டும் என்று இடம் விடுகிறவனைப் போல அவன் காத்திருந்தான்.

"ஆமா, அதுவும் நல்லதுதான்" என்றான்.

லைனில் ஒரு கோளாறும் இல்லை. அவன் காதில்தான் எதுவும் விழவில்லை.

அவள் எழுந்து நின்று கத்தினாள்.

"எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் பாத்துட்டேன். கஞ்சி குடிச்சாலும் சேந்து குடிப்போம். வந்துருங்க. கேக்கா? வந்துருங்க!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். குவைத் ஓட்டலைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். வந்துருங்க, வந்துருங்க என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

அந்தப் பக்கம் அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

பிறகு, அதே உரத்த குரலில், சிரித்துக்கொண்டே சொன்னான்.

"சரி. நீ சொல்றபடியே செஞ்சிருவோம்."