தண்ணீர் வடித்த மதியம்

என் இடது கட்டைவிரல் குழாயின் ஒரு முனையில், வலது கட்டைவிரல் மறுமுனையில். நடுவில் கமென் இப்போதுதான் கத்தியால் வெட்டிய இடம்.

விரல் நழுவினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஊதாத் தண்ணீர், அவன் நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த கணினிக்குள்ளேயே கொட்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத ரலி. நீ சிரிச்சா குழாயும் சேந்து ஆடுது."

"நீ நாக்கை உள்ள போடு. நான் நிறுத்திடறேன்."

நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கடித்தபடி அவன் மூன்று வாய் கொண்ட இணைப்பைக் கையில் வைத்திருந்தான். இரண்டு வாய் குழாயின் இரண்டு முனைகளுக்கு. மூன்றாவதில் சின்ன வால்வு.

இந்தக் கணினியின் சூட்டைத் தணிக்க விசிறி போதாதென்று, உள்ளே தண்ணீர் சுற்றிவரும்படி குழாய்களைப் பின்னியவன் அவன்தான். அந்தத் தண்ணீரை வெளியே எடுக்க ஒரு வழி வைக்க மறந்தவனும் அவன்தான். போன வருடம் தண்ணீர் மாற்ற அதைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்துக் குலுக்கினோம். ஒரு வாரம் தோள் வலித்தது.

இன்று காலை அழைத்தான். தண்ணீர் கலங்கிவிட்டதாம். இந்த முறை கீழே ஒரு வடிகால் வைத்துவிடலாம் என்றான்.

பார்த்தபோது கலங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதனால் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தேன். மாலை நேரத் தொழிற்பயிற்சி வகுப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நான் எழுதுவேன், அவன் முறுக்குவான். மின்சாரத்தைத் துண்டிப்பதில் தொடங்கிப் பட்டியலில் ஒன்பது வரி.

அதில் எழுதாத ஒன்றும் இருந்தது.

நாளைக் காலை நான் கடலோர நகரமான வர்னாவுக்குப் போகிறேன். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம், "நீயும் வாயேன்" என்று கமெனிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்னொரு முறை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது செப்டம்பர்.

"இடது விரலை மூணு எண்ணினதும் எடு. ஒண்ணு, ரெண்டு…"

இரண்டிலேயே எடுத்துவிட்டேன்.

ஒரு துளி. ஒரே ஒரு துளி, கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சுற்றியிருந்த டிஷ்யூ காகிதத்தில் விழுந்து ஊதாவாக விரிந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதற்குமேல் பரவவில்லை.

"செத்தேன்னு நெனச்சேன்," என்றான்.

"நீ எங்க சாவே? கார்டுதான் சாகும்."

"அது போன பின்னாடி நான் இருந்து என்ன பண்ண?"

மறுபடியும் சிரிப்பு. எப்படியோ இரண்டாவது முனையும் உள்ளே ஏறியது. அடியில் பாத்திரத்தை வைத்து, கமென் வால்வைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

மூடித் திறந்தான். ஒரு சொட்டுகூட இல்லை. என் பட்டியல்தான் தப்பு என்று அந்த நொடியிலேயே முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மேலே குழாய்களுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் மூடியை நானே இறுக்கி வைத்திருக்கிறேன். காற்று உள்ளே போகாமல் தண்ணீர் எப்படி வெளியே வரும்?

மூடியைத் திருகினேன்.

குபுகுபுவென்று கொட்டியது. கமென் கத்தினான். நானும் கத்தினேன். அவன் மூடினால் நின்றது, திறந்தால் ஓடியது. எனக்கும் ஒரு முறை திறக்கக் கொடுத்தான். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

கையெல்லாம் மாவோடு அவன் அம்மா ஸ்தான்கா சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

"கழுதை வயசாகுது ரெண்டு பேருக்கும். ஒரு பைப்பைத் திறந்ததுக்கா இவ்ளோ கூத்து?"

"அம்மா, இது பைப் இல்ல, வால்வு."

"அப்போ என் சமையல்கட்டுல மூணு மாசமா ஒழுகுதே, அது என்னடா?"

பாத்திரம் நிறைந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்தேன்: புதுத் தண்ணீர் ஊற்று. புட்டியைத் திறக்கப் போனேன். கமென் அதன் மூடிமேல் கையை வைத்தான்.

"வேணாம். காலியாவே இருக்கட்டும்."

பட்டியலை மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தேன்.

"ஏன்? நான் எதாச்சும் தப்பா…"

அவன் குனிந்து வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் துடைக்க ஈரமே இல்லை.

ஸ்தான்கா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டார். கழுவுதொட்டியில் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சமையலறையைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தார். "சாயம் படியும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

படிக்கட்டின் மேல்படியில் நின்று அவ்வளவையும் ஒரே வீச்சில் கொட்டினார். நான்காவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஊதாத் தண்ணீர் படிபடியாக இறங்கியது.

வீட்டைவிட்டு வெளியூர் போகிறவருக்கு எங்கள் பக்கம் வாசலில் தண்ணீர் கொட்டுவோம். போகிற காரியம் தண்ணீர் ஓடுவதுபோல் தடையில்லாமல் ஓடட்டும் என்று.

"ரொம்ப நன்றி ஆன்ட்டி. ஆனா நான் நாளைக்குத்தானே போறேன்."

காலிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு உங்கம்மா ஊத்துவாங்க, பொண்ணே. இது அவனுக்கு."