பூட்டிய வீட்டுக் கோலம்

மேலூருக்கு வெளியே இருந்த தோப்பு வீட்டில் வெள்ளிச் சாமான் மொத்தமும் திருட்டுப் போனது. திருடன் மறுநாளே சிக்கிவிட்டான். ஆனாலும் தல்லாகுளத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் லட்சுமிநாராயணனுக்கு, வீட்டைப் பார்த்துக்கொண்ட சின்னத்தாய் மேல்தான் ஆத்திரம்.

"இவளையும் உள்ள வைங்க சார். வீட்ல ஆள் இல்லைன்னு இவதான் துப்புக் கொடுத்திருக்கா," என்றார் ஸ்டேஷனில்.

"ஆள் இருக்கற மாதிரி தெரியணும், தெனம் வாசத் தெளிச்சுக் கோலம் போடுன்னீக. ஒருநாள் விடாமப் போட்டேன். எனக்கா இந்தப் பேரு?" என்றாள் சின்னத்தாய்.

"அப்ப நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

இன்ஸ்பெக்டர் திருடன் பக்கம் திரும்பினார். "யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லலய்யா. அந்தக் கோலத்தப் பாத்துத்தான் உள்ள போனேன்," என்றான் அவன். "காம்பவுண்டு சுவர் பூரா இவுக அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செத்து நாலு நாள்கூட ஆகல. வாசல்ல கலர்க்கோலம். வீட்டு ஆளுக உள்ள இருந்தா போட விடுவாகளா?"



"துட்டி வீட்டுல கோலம் ஆகாதுன்னு போன்ல அம்புட்டுச் சொன்னேன்," என்றாள் சின்னத்தாய். "சொன்னதைச் செய்யுன்னு வஞ்சீக. போஸ்டர் ஒட்டச் சொன்னதும் நீங்கதான்."

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பதினாறு முடியட்டும். பெறகு நீங்களே வந்து குனிஞ்சு போட்டுக்கங்க."