போன வருஷக் காய்ச்சல்

கால்நடை மருத்துவரான மனைவியை ஒரு வருடம் முன்பு வௌவால் காய்ச்சல் கொண்டுபோனது. "கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்று கடைசிவரை கணவனைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தாள்.

இப்போது அவனுக்கும் காய்ச்சல். வாசலில் நின்றபடி சுகாதார ஆய்வாளர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்தார்.

"இந்த வருஷம் பரவுற கிருமி வேற சார். உங்களுக்கு வந்திருக்கறது உங்க வீட்டம்மாவுக்கு வந்தது. அவங்களுக்கு அப்புறம் அது யாருக்குமே வரல. போன வாரம் யார்கூட நெருங்கி இருந்தீங்க?"

"நான் தனிக்கட்டைங்க. ஒரு பூனைகூட எட்டிப் பாக்கறதில்ல."

ஆய்வாளர் 'வீட்டில் ஒருவர்' என்று எழுதிக்கொண்டார். கதவைச் சாத்தச் சொல்லி, அதன்மேல் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டினார். உள்ளே அவன் யாரிடமோ கெஞ்சினான்.

"இனி என்ன பயம்? அதான் ஒட்டிக்கிச்சே. கிட்ட வா."

பிறகு இரண்டு பேர் இருமும் சத்தம் கேட்டது.