பதிவில் இல்லாத வெட்டு

பெண்கள் விடுதியை நிறுவிய மங்களாம்பிகை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், சாப்பாட்டுக் கூடத்துத் திரையில் தினமும் அவரே பேசினார். அவருடைய பழைய பதிவுகளைக் கொண்டு விடுதியின் அறக்கட்டளை செய்துவைத்த செயற்கை நுண்ணறிவு உருவம் அது. அன்று காலை அவர், "சாதி மாறித் திருமணம் செய்தவர்களுக்கு இனி இங்கே இடமில்லை" என்றார்.

முந்தின நாள்தான் அப்படித் திருமணம் செய்து ஓடிவந்து சேர்ந்திருந்த இளவேனில், தட்டை விட்டு எழுந்தாள். சமையல்காரி பவுனம்மாள் கரண்டியோடு திரைமுன் போய் நின்றாள்.

"நான் அப்படிக் கட்டிக்கிட்டதுக்குத்தான் என் அண்ணன் அரிவாளோட வந்தான். வாசல்ல குறுக்க நின்னது நீங்க. உங்க தோள்ல விழுந்துச்சும்மா அந்த வெட்டு."

"அப்படியொரு பதிவு என்னிடம் இல்லை."

"எங்கிட்ட இருக்கு" என்று பவுனம்மாள் திரையை அணைத்தாள். "நீ உக்காரு இளவேனில். இட்லி ஆறுது."