சமுத்திரத்தின் தலையில் கட்டிய வேலை

ராஜபாளையம் பேண்டேஜ் துணி மில்லின் மீட்டிங் அறை. மேசையின் தலைப்பக்கத்தில், போன மாதம் மில்லை வாங்கிய சூர்யபிரகாஷ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மேனேஜர் ராஜரத்தினம், இடப்பக்கம் ஃபிட்டர் விஜயபாண்டி, கதவோரம் கிளார்க் நாகஜோதி. ஒரு நாற்காலி மட்டும் காலி.

“தறி ஓடாம ஆர்டரே கைவிட்டுப் போச்சு. ரிப்பேர் வேலை யாரு பேர்ல இருக்கு? இன்னைக்கு ஒருத்தர வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டேன்!”

எல்லாரும் செல்போனில் வேலைப் பட்டியலைத் திறந்தார்கள்.

“அன்னைக்கே சமுத்திரத்துக்கு மாத்திட்டேன் சார்,” என்றார் ராஜரத்தினம்.

“நானும் அவருக்குத்தான் மாத்தினேன்,” என்றான் விஜயபாண்டி.

நாகஜோதியும் தன் பட்டியலைப் பார்த்தாள். ஸ்பேர் வாங்கும் வேலையை அவளும் சமுத்திரத்தின் தலையில்தான் கட்டியிருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அம்புட்டையும் கெடப்புல போட்டுட்டு மீட்டிங்குக்கும் வரல, திமிரப் பாருங்க! வேலைநீக்கக் கடிதம் அடிம்மா!”

அடித்தாள், கையெழுத்தும் ஆனது.

வெளியே வந்ததும் விஜயபாண்டி கிசுகிசுத்தான். “எந்த விலாசம்மா போடப்போற?”

“ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு விலாசம்தாண்ணே. போன வருசம் அவிய ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு, வேன்ல கொண்டுபோயி விட்டோமே, மறந்துட்டீகளா?”

“அதில்லம்மா... இனிமே வேலைய யாரு பேர்ல தள்ளுறது?”

அந்தக் கவலை அவளுக்கும் இருந்தது. பெருமூச்சோடு உறையை ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவைத்தாள்.